பள்ளி மேடையில் தந்திரக் காட்சிகள்: தீயில்லாமல் மதுரையை எரிப்பது எப்படி?

அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் தமிழாசிரியர் கேட்டிருப்பது இது: ஆண்டு விழாவுக்காகக் கண்ணகியின் கதையை ஒன்றரை மணி நேர இசை நாடகமாக்கியிருக்கிறார்கள். பூம்புகார்க் கடற்கரை, அரசவையில் சிலம்பு உடைவது, மதுரை எரிவது, இறுதியில் வானூர்தி வருவது ஆகிய இடங்களில் தந்திரக் காட்சிகள் வேண்டும். அதற்கென்று ஒதுக்கியுள்ள தொகை 15,000 ரூபாய். மேடையில் கற்பூரம் கொளுத்திப் புகைப்பொடி தூவலாம் என்கிறார் ஒருவர். திருமண மண்டபங்களில் வைக்கும், பொறிகளை மேலே பீய்ச்சும் கோல்ட் பைரோ இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது, எதை விடுவது?

பள்ளி மேடையில் நான் எந்த உத்தியையும் ஒரே ஒரு கேள்வியால்தான் சோதிப்பேன். இது தவறிப்போனால் என்ன ஆகும்? துணி சரியான நேரத்தில் விழவில்லை, விளக்கு எரியவில்லை, சிலம்பு உடையவில்லை என்றால் காட்சி சற்றுக் கெடும். குழந்தைகள் பாடிக்கொண்டே சமாளித்துவிடுவார்கள். தவறினால் ஒரு குழந்தைக்குக் காயமோ மூச்சுத்திணறலோ ஏற்படும் என்றால், அந்த உத்தி எவ்வளவு அழகானதானாலும், அதைக் கையாள்பவர் எவ்வளவு அனுபவசாலியானாலும், பள்ளிக்கு வேண்டாம். இந்தச் சோதனையில் தேறுபவை பெரும்பாலும் துணி, விளக்கு, ஒலி, மனித உடல் ஆகிய நான்கினால் ஆனவை. அவையே மலிவானவை என்பதால் உங்கள் தொகை குறைவானதல்ல, போதுமானது.

முதலில் விலக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். மேடையில் உயிருள்ள நெருப்பு எந்த வடிவிலும் கூடாது. கற்பூரம், தீப்பந்தம், மத்தாப்பு, எண்ணெய் விளக்கு, சாம்பிராணித் தணல் எல்லாமே இதில் அடங்கும். அரியானா மாநிலத்தின் டப்வாலி என்னும் ஊரில் 1995 டிசம்பர் 23 அன்று ஒரு பள்ளியின் ஆண்டு விழாப் பந்தலில் தீப்பிடித்து, குழந்தைகளும் பெற்றோருமாக நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். செயற்கை இழைத் துணியால் ஆன பந்தல் சில நிமிடங்களில் எரிந்து, உருகி, கூட்டத்தின் மேல் விழுந்தது. அத்தனை பேருக்கும் வெளியேறப் போதிய வழி இல்லை. அங்கே மேடையில் யாரும் தீ வைக்கவில்லை. தீ வைக்காமலே அப்படி நடக்கும் ஓர் இடத்தில் நாமாகத் தீயைக் கொண்டுபோய் வைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. நம் பள்ளி மேடைகளில் படுதா, மேடை விரிப்பு, சரிகைத் தாள், தெர்மாகோல், குழந்தைகளின் நைலான் உடை என்று எளிதில் பற்றக்கூடியவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கோல்ட் பைரோவைப் பலரும் அதன் பெயரை வைத்தே ஆபத்தில்லாதது என்று நம்புகிறார்கள். அதில் எரிவது டைட்டானியம், சிர்கோனியம் போன்ற உலோகங்களின் துகள்கள். பொறிகள் மேலே எழுந்து சிதறியபின் சூடு குறைகிறதே தவிர, இயந்திரத்தின் வாயருகே வெப்பம் மிக அதிகம். அந்தத் துகள் பொட்டலமே தீப்பற்றக்கூடிய பொருள். பிறந்தநாள் விழாக்களில் பீய்ச்சும் நுரை டப்பாக்களில் பலவற்றில் இருப்பதும் எரியும் வாயுதான். கடற்கரைக் காட்சிக்கு நுரை வேண்டுமென்று அவற்றை வாங்கிவிடாதீர்கள். தெருவில் விற்கும் வாயு பலூன்களில் பெரும்பாலும் ஹைட்ரஜன் இருக்கும். விளக்குகளுக்கு அருகே அவற்றைக் கட்டக்கூடாது.

புகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேடைப் புகைக்காகப் பயன்படுத்தும் உலர்பனி என்பது உறைந்த கரியமில வாயு; அதன் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 78.5 டிகிரி செல்சியஸ். வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்ததுபோல் புண்ணாகும். மூடிய பாத்திரத்தில் வைத்தால் வாயு பெருகிப் பாத்திரம் வெடிக்கும். இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது, அந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பது. அது தரையோடு தவழ்வதால்தான் மேகம்போல அழகாகத் தெரிகிறது. அதே காரணத்தால் மேடைக்குக் கீழே அமர்ந்து ஆர்மோனியமும் மிருதங்கமும் வாசிப்பவர்களின் பக்கமும், தரையில் படுத்து நடிக்கும் சிறு குழந்தையின் முகத்தருகிலும் தேங்கி, மூச்சுக்காற்றை விலக்கிவிடும். சன்னல்களைச் சாத்திய அரங்கில் அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கிளைகால் கலந்த நீரை ஆவியாக்கும் புகை இயந்திரம் அதனினும் மேலானது. ஆனாலும் இது இசை நாடகம், பாடுபவர்கள் குழந்தைகள். தொண்டை வறளும், ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இழுப்பு வரலாம், இயந்திரத்தின் வாய்க்கு எதிரே தரையில் ஈரம் படிந்து வெறுங்காலோடு ஆடுபவர்கள் வழுக்கி விழலாம். வெள்ளை ஷிஃபான் துணியை இருவர் சைடு விங்குகளில், அதாவது மேடையின் இரு பக்க மறைவிடங்களில், இருந்தபடி தரையோடு மெல்ல அலைத்து, நீல விளக்கைப் பக்கவாட்டிலிருந்து அதன்மேல் தாழ விட்டால் மேகம் கிடைத்துவிடும்.

புகையும் நெருப்பும் இல்லாவிட்டால் மேடை வெறுமையாகத் தெரியுமோ என்ற தயக்கம் உங்கள் கேள்வியில் தென்படுகிறது. தமிழ் மேடை தந்திரக் காட்சிக்குப் பெயர் பெற்றதுதான். சி. கன்னையா, நவாப் ராஜமாணிக்கம் ஆகியோரின் நாடகக் கம்பெனிகளும், பிற்காலத்தில் ஆர். எஸ். மனோகரின் குழுவும் அவற்றைப் பார்ப்பதற்கென்றே கூட்டத்தை வரவழைத்தன. அவர்களிடம் ஆண்டு முழுவதும் அதே வேலையைச் செய்து பழகிய ஆட்கள் இருந்தார்கள்; உங்களிடம் மாலை வகுப்புக்குப் பின் கிடைக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது தெருக்கூத்தை. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்து நிற்க, அதன் பின்னாலிருந்து பாட்டோடும் மத்தள ஒலியோடும் வேடம் வெளிப்படும்போது பார்ப்பவர் மனத்தில் ஏற்படும் எதிர்பார்ப்பை எந்தப் புகை இயந்திரமும் தருவதில்லை. திரை பிடிப்பவரை எல்லோரும் பார்க்கிறார்கள். அது யாருக்கும் உறுத்துவதில்லை. இந்தத் துணிச்சலோடு உங்கள் காட்சிகளை அமையுங்கள்.

இனி மதுரைக்கு வருவோம். பழைய கதையிலேயே இதற்கான வழி இருக்கிறது. அங்கே தீ ஒரு பொருளாக மட்டும் வருவதில்லை. எரியங்கி வானவன் என்னும் உருவமாகக் கண்ணகியின் முன் வந்து நிற்கிறான். நீல நிறம், சிவந்த சடை, பால்போன்ற வெள்ளைப் பல், பார்ப்பனக் கோலம் என்று அவன் வருணிக்கப்படுகிறான். யாரை எரிக்கலாம், யாரைத் தொடக்கூடாது என்று அவன் கேட்க, கண்ணகி சொல்கிறாள். முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொல்கிறாள். தீயை ஒரு மாணவர் நடிக்கலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய அனுமதி உங்களுக்குத் தேவையில்லை. நீல உடை உடுத்திய அந்த மாணவரின் தலைப்பாகையிலிருந்து சடைபோலத் தொங்கும் சிவப்பு, செம்மஞ்சள் துணி நாடாக்களைச் சற்று நீளமாக வையுங்கள். கண்ணகி ஆணையிட்டதும் சைடு விங்குகளிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்து ஆளுக்கொரு நாடாவைப் பற்றி விரிக்கிறார்கள். அவன் சடையே நகரம் முழுவதும் பரவும் தீயாகிறது. நாடாக்களைத் தலைப்பாகையில் தைத்துவிடாமல் வெல்குரோவால் ஒட்டிவையுங்கள். யாராவது தவறி மிதித்தால் நாடா கழன்று வர வேண்டும், குழந்தையின் கழுத்தை இழுக்கக்கூடாது.

பின்னணியில் நகரத்தைக் காட்டக் கோபுரம், மாடம், மதில் ஆகியவற்றை நெளி அட்டையில் வெட்டிக் கறுப்புப் பூசி வரிசையாக நிறுத்துங்கள். நம் ஊரில் அலங்காரம் என்றால் உடனே தெர்மாகோல் வாங்கப் போகிறார்கள். அது எளிதில் பற்றும், பற்றினால் உருகிச் சொட்டும், கரும்புகை விடும். அட்டையும் எரியக்கூடியதுதான் என்றாலும் உருகிச் சொட்டுவதில்லை, கனமும் இல்லை. அட்டைக்கு நான்கடி பின்னால் வெளிர்நிறப் படுதா ஒன்றைத் தொங்கவிட்டு, இரண்டுக்கும் நடுவே தரையில் மூன்று எல்இடி விளக்குகளை மேல்நோக்கி வையுங்கள். ஒன்று சிவப்பு, ஒன்று செம்மஞ்சள், ஒன்று மஞ்சள். அவை ஒரே சீராக மின்னினால் கல்யாண வீட்டுச் சீரியல் விளக்காகத் தெரியும். அதனால் விளக்கைச் சிமிட்ட விடாமல் நிலையாக எரியவிட்டு, ஒவ்வொரு விளக்கின் முன்னும் ஒரு மாணவரை உட்கார வைத்து, விரல் விரலாக வெட்டிய அட்டையை ஒளியின் குறுக்கே ஒழுங்கில்லாமல் அசைக்கச் சொல்லுங்கள். படுதாவில் நிழல் துடிக்கும். அட்டை நகரம் கரிய உருவாக முன்னால் நிற்கும். முன்விளக்குகளை அந்த நேரம் மிகவும் குறைத்துவிட வேண்டும். இந்த ஒரு காட்சிக்குத்தான் உங்கள் ஒத்திகை நேரத்தில் பாதியைக் கொடுக்கலாம் என்பேன். கைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் அசைவதற்கும் பயிற்சி வேண்டியிருக்கிறது.

இரண்டு இடங்களில் மட்டும் சுவாலை எழவேண்டும் என்றால் காற்றுப் பெட்டி செய்யலாம். மேசை விசிறி ஒன்றை மேல்நோக்கிப் படுக்கவைத்து, அதைச் சுற்றி மூன்று பக்கமும் அட்டையால் அடைத்து, காற்று உள்ளே வரக் கீழே இடைவெளி விட்டு, மேல்விளிம்பில் மெல்லிய பட்டுத் துணியை ஒரு முழம் முதல் இரண்டு முழம் வரை வெவ்வேறு நீளத்தில் முக்கோணங்களாக வெட்டி ஒட்ட வேண்டும். துணி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நன்றாக எழும்பும். கனத்த சாட்டின் பயன்படாது. விசிறியின் கம்பிக்கூண்டுக்கு மேல் இன்னொரு நெருக்கமான வலையைக் கட்டிவிடுங்கள், கூந்தலோ மேலாக்கோ உள்ளே போய்விடக்கூடாது. கண்ணகி தலைவிரி கோலத்தில் வருவாள் என்பதால் இந்தப் பெட்டிகள் இருக்கும் இடத்துக்கும் அவளுக்கும் ஆறடியாவது இடைவெளி இருக்கட்டும். ஒலிக்கு, மைக்கின் அருகே ஜெலட்டின் தாளைக் கசக்கினால் விறகு வெடிப்பதுபோல் கேட்கும். அதை முதலில் தனியே ஒலிக்கவிட்டு, நான்கு அடி பாட்டுக்குப் பின் பறையைச் சேர்த்து, அதற்குப் பின்னரே சிவப்பு ஒளியை ஏற்றுங்கள். கண்ணுக்கு முன் காது தீயை நம்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மேடைத் துணிகளுக்குத் தீத்தடுப்புப் பூச்சு கொடுப்பது பழைய, மலிவான வழி. ஏறத்தாழ 200 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 85 கிராம் போரிக் அமிலம் இரண்டையும் இரண்டு லிட்டர் வெந்நீரில் கரைத்துத் துணியை நனைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்த வேண்டும். இது பருத்தித் துணிக்குத்தான் பொருந்தும். பாலியஸ்டர், நைலான் துணிகளில் பிடிக்காது. நனைத்த துணியில் ஒரு சிறு துண்டை வெட்டி, திறந்த வெளியில் இடுக்கியால் பிடித்து, அருகில் ஒரு வாளித் தண்ணீரோடு தீக்குச்சி காட்டிப் பாருங்கள். தீயை எடுத்ததும் துணி தானாக அணைந்துவிட வேண்டும். துவைத்தால் பூச்சு போய்விடும். படுதாவுக்கும் பின்னணித் துணிக்கும் இதைப் பயன்படுத்துங்கள், உடலில் உடுத்தும் ஆடைக்கு வேண்டாம். கரைப்பதும் நனைப்பதும் கையுறை அணிந்த பெரியவர்களின் வேலையாக இருக்கட்டும். போரிக் அமிலம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. இப்படிச் செய்தபின் துணி எரியவே எரியாது என்று எண்ணிவிடக்கூடாது. தீ பரவும் வேகத்தைக் குறைத்து நமக்கு நேரம் வாங்கித் தருகிறது, அவ்வளவே.

இந்த நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த வாய்ப்பு மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி தோன்றும் இடம். நீங்கள் அதைக் கேட்கவில்லை. ஆனால் சில நூறு ரூபாய்த் துணியில் பார்வையாளர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் காட்சி இதுதான். வெள்ளை அல்லது சாம்பல் நிறக் கொசுவலைத் துணியை எட்டடி அகலம், பத்தடி உயரத்தில் சட்டத்தில் சுருக்கமின்றி இழுத்துக் கட்டி, அதன்மேல் மதுரை வீதியைத் துணிச்சாயத்தால் மெலிதாக வரையுங்கள். கட்டியான பெயின்ட் கூடாது, வலைக்கண்கள் அடைபட்டுவிடும். முன்னாலிருந்து விழும் ஒளி இரு பக்கங்களிலிருந்தும் மேலிருந்தும் மிகச் சாய்வாக வலையைத் தடவிச் செல்லும்போது அது கெட்டியான சுவராகத் தெரியும். வலைக்குப் பின்னால் முற்றிலும் இருட்டு இருக்க வேண்டும். மூன்றடி தள்ளி ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, தெய்வமாக வரும் மாணவி அதற்கும் வலைக்கும் நடுவே நிற்க வேண்டும். முன்னொளியை மெல்லக் குறைத்தபடி பின்னால் இருப்பவள்மேல் ஒளியைக் கூட்டினால் சுவர் கரைந்து உருவம் வெளிப்படும். முன்னொளி நேராக அடித்தால் வலையைத் துளைத்துப் பின்னால் போய் ஏமாற்றைக் காட்டிக் கொடுத்துவிடும். பலருக்கும் இது பலிக்காமல் போவதற்குக் காரணம் துணியல்ல, ஒளியின் கோணமே.

அந்தத் தெய்வத்தின் உடல் இடப்பக்கம் நீலமாகவும் வலப்பக்கம் பொன்னாகவும் இருந்ததாகக் கதை சொல்கிறது. கண்ணகியின் முன்னால் வராமல் பின்னால் வந்து நின்றதாகவும் சொல்கிறது. வலைக்குப் பின்னால் இரண்டே விளக்குகள் போதும். மாணவி பார்வையாளர்களைப் பார்த்து நிற்பதால், பார்ப்பவர்களுக்கு வலப்புறமாக இருக்கும் விளக்கை நீலமாகவும் இடப்புறம் இருப்பதைச் செம்மஞ்சளாகவும் வைத்துவிட்டால் ஒப்பனையே தேவையின்றி அந்த உருவம் கிடைக்கும். கண்ணகி வலைக்கு முதுகைக் காட்டி நிற்பதால், பார்வையாளர்கள் அவளுக்கு முன்பே தெய்வத்தைக் கண்டுவிடுகிறார்கள். அதே வலையை அதற்கு முன் பாண்டிமாதேவி காணும் தீய கனவுக்கும் பயன்படுத்தலாம். செங்கோலும் வெண்கொற்றக் குடையும் சாய்ந்து விழுவதைப் பின்னாலிருந்து நிழலாகக் காட்டினால் போதும்.

சிலம்பு உடையும் காட்சியில் பெரும்பாலோர் முத்தும் மணியும் தரையில் சிதற வேண்டும் என்று விரும்புகிறார்கள். வெறுங்காலோடு அடுத்த நடனம் ஆட வரும் குழந்தைகளுக்கு ஒரே ஒரு மணி போதும், கால் பிசகிவிடும். ஆகவே சிலம்பை இரண்டு அரைவட்டங்களாகச் செய்து சிறு காந்தங்களால் இணையுங்கள். உள்ளே சிவப்பு மணிகளை ஒரே நூலில் கோத்து, நூலின் ஒரு முனையைச் சிலம்போடு கட்டிவிடுங்கள். கண்ணகி உதறித் திறந்ததும் சிவப்புச் சரம் ஒன்று கையிலிருந்து வழியும், தரைக்கு வராது. தெறித்த மாணிக்கப் பரல் அரசன் வாயருகே பட்டது என்பது கதை. அதற்கு ஒரு சிறு டார்ச்சின் முகத்தில் கறுப்புத் தாளைக் குழலாகச் சுருட்டி, முனையில் சிவப்பு ஜெலட்டின் தாளை ஒட்டி, சைடு விங்கிலிருந்து அரசனின் தாடைமேல் நாணயம் அளவு செவ்வொளியை ஒரு நொடி விழச் செய்து அணைக்கலாம். அதே கணத்தில் ஒரு ஜால்ராவைத் தட்டி உடனே கையால் அமர்த்துங்கள். லேசர் விளக்கை மட்டும் இதற்கு எடுக்கவே கூடாது. விளையாட்டுப் பொருளாக விற்பதுகூட விழித்திரையைச் சுடக்கூடும்.

கடலுக்கு நீளமான நீலத்துணிகள் மூன்று போதும். பழைய வாயில் புடவைகளை நீளவாக்கில் தைத்துச் சேர்த்தாலும் சரி. அவற்றை மேடையின் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாக, பின்னால் செல்லச் செல்லச் சற்று உயரமாகப் பிடித்து, முன்னலை ஏறும்போது பின்னலை இறங்குமாறு தாளத்துக்கு அசைக்க வேண்டும். படகு இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அட்டைப் படகு; பொய்க்கால் குதிரைக்குக் கட்டுவதுபோலத் தோளில் வார் போட்டு, இரண்டு துணிகளுக்கு நடுவே நடக்கச் செய்யுங்கள். நீர் மின்னுவதைக் காட்ட, அகலமான தட்டில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் ஊற்றி, அடியில் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும் பிளாஸ்டிக் தகடு ஒன்றை வைத்து, பேட்டரி டார்ச்சின் ஒளியை அதன்மேல் சாய்வாகப் பாய்ச்சி, விரலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எடுத்தால் படுதா முழுவதும் நெளியும் ஒளி ஓடும். தண்ணீர் இருக்கும் இடத்தில் மின்கம்பி இணைத்த எந்த விளக்கும் வேண்டாம்.

வானூர்தி என்றதும் கயிறு கட்டித் தூக்குவது பற்றி யாராவது பேசுவார்கள். குழந்தையைத் தரையிலிருந்து தூக்கும் எந்த ஏற்பாடும் பள்ளியில் கூடாது. அதற்கான கருவிகளும் பயிற்சி பெற்றவர்களும் தொழில்முறை அரங்குகளுக்கு உரியவை. ஏறுவது போன்ற தோற்றத்தை, சுற்றியுள்ளவற்றை இறக்கிக் காட்டிவிடலாம். ஒன்றரை அடி உயர உறுதியான பலகைமேல் கோவலனும் கண்ணகியும் மண்டியிட்டிருக்க, முன்னால் நான்கு பேர் மலை வரைந்த துணியை அவர்கள் தலை மறையும் உயரத்தில் பிடிக்கிறார்கள். பாட்டின் இறுதிச் சரணத்தில் மலைத்துணி மெல்ல இறங்க இறங்க இருவரும் எழுந்து நிற்கிறார்கள்; பின்னால் மேகம் வரைந்த படுதா கீழ்நோக்கி நகர்கிறது; வேங்கை மர நிழலில் நிற்கும் குறவர்கள் எல்லோரும் ஒன்றாகத் தலையை மேலே உயர்த்துகிறார்கள். இந்தக் கடைசி அசைவுதான் காட்சியை முழுமையாக்குகிறது. பூமாரிக்கு உண்மையான பூக்கள் வேண்டாம், மிதிபட்டால் வழுக்கும். டிஷ்யூ தாளை நறுக்கி, பிளவுகள் விட்ட துணித் தொட்டிலில் நிரப்பி மேலே கட்டி, ஒரு பக்கக் கயிற்றை ஆட்டினால் சீராகப் பொழியும்.

இடிக்கு ஆறடி நீளமுள்ள மெல்லிய தகரத் தகட்டைத் தொங்கவிட்டு, கூரான விளிம்புகளுக்குத் தடித்த டேப் ஒட்டி, கீழ்முனையைப் பிடித்து உலுக்க வேண்டும். முறத்தில் பச்சைப்பயறு போட்டுச் சாய்த்துச் சாய்த்து உருட்டினால் அலையின் ஒலி. வேகமாகச் சுழற்றினால் மழை. கொட்டாங்கச்சிகள் குதிரைக் குளம்பாகும். ஒளி முதலில், இடி ஓரிரு நொடி கழித்து. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும் என்பதால், அந்த இடைவெளி நீண்டால் இடி தூரத்தில் விழுந்ததாகத் தோன்றும். அடுத்தடுத்த இடிகளில் அதைக் குறைத்துக்கொண்டே வந்தால் புயல் நெருங்கும். பதிவு செய்த ஒலிகளை எளிதாக ஓடவிடலாம் என்றாலும், கையால் எழுப்பும் ஒலி பாட்டின் வேகத்துக்கு ஏற்ப இசைந்து கொடுக்கும் என்பதால் இசை நாடகத்துக்கு அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். பழைய ஹாலஜன் விளக்குகளை யாராவது இலவசமாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். அவற்றின்மேல் ஜெலட்டின் தாள் கருகும், அருகில் உள்ள துணி பற்றும். சிகாகோ நகரின் இரோகுவா அரங்கில் 1903 டிசம்பர் 30 அன்று விடுமுறைக் கால இசை நாடகம் ஒன்றின் பகல் காட்சியில் ஒரு மேடை விளக்கின் பொறி படுதாவில் பற்றித்தான் அறுநூறு பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். மேடைக்கென்று வரும் எல்இடி பார் (PAR) லைட்டுகள் பெரும்பாலும் 100 முதல் 200 வாட்டுக்குள் எடுப்பவை, ஹாலஜன் அளவுக்குச் சூடேறுவதில்லை, நிறத்தையும் தாமே மாற்றிக்கொள்ளும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் மொத்தம் 1,300 வாட்டுக்கு மேல் சேரக்கூடாது. இரண்டு வயர்களை முறுக்கி டேப் சுற்றும் வழக்கத்தை மைக் செட்காரரிடம் கண்டால் தயங்காமல் மாற்றச் சொல்லுங்கள்; எர்த் இணைப்புள்ள மூன்று முனை பிளக், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இரண்டும் கட்டாயம். மின்னல் காட்ட விளக்கைச் சிமிட்டினால் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் போகவேண்டாம். வேகமான ஒளித்துடிப்பு சிலருக்கு வலிப்பைத் தூண்டும். இருட்டில் ஒளிரும் உடைகளுக்குக் கறுப்பு விளக்கு (பிளாக் லைட்) வாங்கினால், அது கிருமி கொல்லும் புறஊதா விளக்கு அல்ல என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பின்னது கண்ணையும் தோலையும் புண்ணாக்கும்.

15,000 ரூபாயில் பாதிக்கு மேல் விளக்கு வாடகைக்கும் பாதுகாப்பான வயரிங்குக்கும் போகட்டும். அடுத்து வலைத்துணியும் கறுப்புத் துணியும். இவை பல ஆண்டுகள் பயன்படும். மற்றவை எல்லாம் வீட்டிலிருந்தும் பழைய புடவைகளிலிருந்தும் வந்துவிடும். விழா நாளுக்கு மட்டும் வாடகை பேசாமல், அதற்கு முந்தைய நாள் ஒத்திகைக்கும் சேர்த்தே பேசுங்கள்.

அந்த ஒத்திகையை முழு உடையோடும் முழு ஒளியோடும் நடத்த வேண்டும். ஒரே ஓர் ஆசிரியரிடம் குறிப்பேடு இருக்கட்டும்; எந்தப் பாட்டின் எந்தச் சொல்லில் துணி விழ வேண்டும், விளக்கு மாற வேண்டும் என்று அதில் எழுதி, அவர் கை அசைத்தால் மட்டுமே எதுவும் நடக்க வேண்டும். துணி பிடிப்பவர்களும் அட்டை அசைப்பவர்களும் நாடகத்தின் நடிகர்களே என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வேடம் கிடைக்காத குழந்தைகள் இந்தப் பொறுப்பை மிகுந்த அக்கறையோடு செய்வார்கள். மேடை விளிம்பிலும் படிகளிலும் ஒளிரும் நாடா ஒட்டி, இருட்டை இரண்டு மூன்று நொடிக்கு மேல் நீட்டிக்காதீர்கள். அரங்கின் கதவுகள் எதுவும் பூட்டப்படாமல், நாற்காலிகளால் அடைபடாமல் இருக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மேடையின் இரு பக்கமும் மணல் வாளியும், மின்சாதனங்களுக்கு ஏற்ற கரியமில வாயுத் தீயணைப்பானும், அதை இயக்கத் தெரிந்த ஒரு பெரியவரும் இருக்கட்டும். மாணவர்களில் யார் "நிறுத்து" என்று குரல் கொடுத்தாலும் பாட்டு நின்று அரங்க விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும் என்பதை ஒத்திகையிலேயே இரண்டு முறை செய்து பழக்கிவிடுங்கள். உங்கள் மேடையின் அகலம், உயரம், பின்பக்கம் எத்தனை அடி இடம் இருக்கிறது என்பவற்றை எழுதினால், வலைச்சட்டத்தையும் விளக்குகளையும் எங்கெங்கே நிறுத்துவது என்று வரைந்து அனுப்புகிறேன்.